மூன்றிலிருந்து தொடங்கும் அடிமட்டம்

வலயக் கல்வி அலுவலகத்துப் பெட்டியில்
முப்பது அடிமட்டம் என்று எழுதியிருந்தது.
எண்ணிப் பார்த்தேன், ஏழு.
அதிலும் ஒன்று முனை முறிந்து
மூன்றிலிருந்து தொடங்கியது.

சரி, கையே போதும் என்றேன்.
தரம் இரண்டு முழுக்க
என் மேசைமேல் குப்புறக் கவிழ்ந்தது.
டினுசன் கையால் பதினொரு சாண்.
யதுர்ணா கையால் பதினாலு.
ஹாதி ஒன்பது என்றான்.
விரலுக்கு விரல் அவன் தாவித் தாவிப் போனதை
எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.
"மேசை வளருது ரீச்சர்."
"இல்ல, யதுர்ணாட கை காணாது."
அவள் கையை
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அடுத்த நாள்
எல்லாருக்கும் ஒரே சாண் வேண்டுமென்று முடிவாயிற்று.
யாருடைய சாண் என்பதில் சண்டை.
சீட்டுக் குலுக்கினோம், யதுர்ணா வந்தாள்.
அந்தக் காணாத கை
பழைய வினாத்தாள்களில் முப்பத்திரண்டு பிரதியாகி
சன்னலோரம் கல் வைத்துப்
பசை காய்ந்துகொண்டிருந்தது.

பதினொன்றரைக்குக் கச்சான் எழும்பியது.
கல்லை மதிக்காமல் தாள்கள் முற்றத்தில் பறக்க,
கோட்டைப் பக்கமிருந்து வந்து
வேம்படியில் படுத்திருந்த கொம்பன் மான்
மெல்ல எழுந்து
ஒவ்வொரு கையாகத் தின்னத் தொடங்கியது,
அவசரமே இல்லாமல்.
நான் பிரம்பைத் தேடுமுன்
யாரோ எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.
பதினேழு.
மிச்சம் எத்தனை என்று நான் கேட்கவில்லை.
அவர்களே கேட்டு
விரல் முடிந்து கால்விரலுக்குப் போய்
அடுத்தவன் காலையும் கடன் வாங்கி
பதினைஞ்சு என்று கத்தினார்கள்.
அந்தக் கழித்தலை நான்
அடுத்த தவணைக்கென்று வைத்திருந்தேன்.

தண்ணீர் அளந்த நாளைப் பற்றி
அதிகம் சொல்ல விரும்பவில்லை.
வாளிக்கு எத்தனை சுண்டு என்பதுதான் கேள்வி.
ஒரு குழு இருபத்தெட்டு, ஒரு குழு முப்பத்தைந்து.
மூன்றாம் குழுவிடம் விடையும் இல்லை, தண்ணீரும் இல்லை,
நனைந்த சப்பாத்துகள் இருந்தன.
அதிபர் வாசலில் நின்று தரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"கடல் கிட்டத்தானே, அங்க கொண்டுபோய் அளக்கலாமே."
பகிடியா ஏச்சா, இன்றுவரை தெரியாது.
பிள்ளைகள் மட்டும்
எப்ப ரீச்சர் போறது, எப்ப ரீச்சர் போறது என்று
இரண்டு கிழமை விடவில்லை.

முறிந்த அடிமட்டம்
கடைசியாக வந்தவளுக்குத்தான் போனது.
ஹுமைனா. வைகாசியில் சேர்ந்தவள்.
பழைய பள்ளியின் விடுகைப் பத்திரம்
இன்னும் வந்தபாடில்லை.
வரவு கூப்பிட்டால் கையை உயர்த்துவாள்,
வாயைத் திறக்கமாட்டாள்.
அவள் பென்சில் பன்னிரண்டில் முடிந்தது.
கொப்பியில் ஒன்பது என்று எழுதியிருந்தாள்.
சிவப்புப் பேனையைத் திறந்துவிட்டேன்.
பிறகு, ஏன் என்று கேட்டேன்.

"மூணு என்ட பென்சில் இல்லத்தானே."

அவள் குரல் இவ்வளவு தடிப்பானது என்று
எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.
டினுசன் எட்டிப் பார்த்தான்.
அவனுக்குப் பின்னால் வகுப்பே எட்டிப் பார்த்தது.
நான் பேனையை மூடினேன்.

பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது:
நியம அலகால் நீளம் அளப்பார்.
சரி போடவேண்டும், அல்லது வெறுமையாக விடவேண்டும்.
அவள் பெயருக்கு நேரே
கட்டத்தைத் தாண்டும் ஒரு சரி போட்டிருக்கிறேன்,
மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கேட்டால்
மையைக் குற்றம் சொல்லலாம்.

இப்போது அடிபாடு முழுக்க
அந்த முறிந்ததற்குத்தான்.
நல்லவை ஆறும் அலுமாரியில் தூங்க
இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு என்று
முறை வைத்துப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
நேற்று இடைவேளையில் ஹாதி
முழுசான ஒன்றை வாங்கு விளிம்பில் வைத்து
மூச்சைப் பிடித்து வளைத்துக்கொண்டிருந்தான்.
எத்தனையில முறிக்கப் போறாய் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்:
"அஞ்சில, ரீச்சர்."